சாலார் ஜங் எழுதாமல் போன உயில்

ஹைதராபாத்துக்கு வேலைக்கு வருகிற நம்ம ஊர் ஆட்களுக்கு என்று ஒரு கட்டாயச் சுற்றுலா வரிசை இருக்கு. வந்த முதல் மாசம் சார்மினார், கோல்கொண்டா. ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்தா பிர்லா மந்திர், ராமோஜி ஃபிலிம் சிட்டி. அதுக்கு மேல அரை நாள் மிச்சம் இருந்தா சாலார் ஜங் மியூசியம். போயிட்டு வந்தவங்ககிட்ட "என்ன பார்த்தீங்க?"ன்னு கேளுங்க. பெரும்பாலும் மூணே மூணு பதில்தான் வரும். முக்காடு போட்ட பளிங்குப் பெண், முன்னாடி ஆணும் பின்னாடி பெண்ணுமா இருக்கிற மரச்சிலை, மணிக்கு மணி பொம்மை வந்து அடிக்கிற கடிகாரம். மிச்சமிருக்கிற 40,000க்கும் மேற்பட்ட பொருட்கள் எல்லாம் கால் வலியில் மறந்து போயிருக்கும். :)

வர்ற விருந்தாளிகளுக்கு எல்லாம் கைடு வேலை பார்த்ததில், இந்த ஒரு மியூசியத்துக்கு மட்டும் நான் பத்துப் பன்னிரண்டு தடவை போயிருப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் மண்டையைக் குடையும். ஒரு அறையில் முகலாயர் காலத்துக் கத்தி. அடுத்த அறையில் பிரெஞ்சு நாற்காலி. அதற்கடுத்து சீனத்துத் தட்டு, ஜப்பான் ஜாடி, ரவிவர்மா ஓவியம், கைத்தடிகள், ஈய பொம்மைச் சிப்பாய்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இதெல்லாம் எப்படி ஒரே கூரைக்குக் கீழே வந்தது? அதைவிட முக்கியமா, எப்படி இன்னமும் ஒரே கூரைக்குக் கீழேயே இருக்கு? முதல் கேள்விக்குப் பதில் எல்லா சுற்றுலாப் புத்தகத்திலும் கிடைக்கும். ரெண்டாவதுதான் எனக்கு சுவாரசியம். இந்தப் பதிவு அதைப் பற்றியது. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு உட்காருங்க.

எந்த சாலார் ஜங்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். சாலார் ஜங் என்பது ஒரு ஆளோட பெயர் இல்லை, பட்டம். ஒரே குடும்பத்தில் மூணு பேருக்கு அந்தப் பட்டம். மூணு பேருமே நிஜாமிடம் திவானாக, அதாவது பிரதம மந்திரியாக, இருந்தவர்கள்.

முதலாவது சாலார் ஜங், மீர் துராப் அலி கான். 1853ல் 24 வயசில் திவான் ஆனார். அவர் பதவிக்கு வந்த நேரம் படுமோசமான நேரம். கஜானா காலி. கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பாக்கிக்காக, பருத்தி விளையும் பேரார் பகுதியை அந்த வருஷம்தான் நிஜாம் பிரிட்டிஷார் கையில் ஒப்படைத்திருந்தார். அதிலிருந்து 1883ல் இறக்கும் வரைக்கும், 30 வருஷம் இவர்தான் நிர்வாகம். மாவட்டங்களைப் பிரித்தது, வரி வசூலை ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வந்தது எல்லாம் இவர் காலத்தில்தான். பேராரைத் திரும்ப வாங்கணும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. 1876ல் இங்கிலாந்து வரைக்கும் போனார். ஆக்ஸ்ஃபோர்டில் கௌரவப் பட்டம் கொடுத்தார்கள். பேராரைக் கொடுக்கவில்லை.

இரண்டாவது சாலார் ஜங், அவர் மகன் மீர் லாயக் அலி கான். 1884லிருந்து 1887 வரை திவான். 1889ல், முப்பது வயசு கூட ஆகாமல் இறந்து போனார்.

மூன்றாவது சாலார் ஜங், அந்த லாயக் அலி கானின் மகன் மீர் யூசுஃப் அலி கான். மியூசியத்துக்கு மூலகாரணம் இவர்தான். 1889 ஜூனில் புனேயில் பிறந்தார். பிறந்த கொஞ்ச நாளிலேயே அப்பா போய்விட்டார். தொட்டிலில் இருக்கும்போதே ஒரு பெரிய ஜாகீருக்கு வாரிசு. 1912ல் 23 வயசில் திவான். கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் பட்டத்துக்கு வந்து அப்போ ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இரண்டே வருஷத்தில், 1914ல், யூசுஃப் அலி கான் பதவியை விட்டுவிட்டார். அதற்கப்புறம் கொஞ்ச காலம் நிஜாம் திவானே வைத்துக்கொள்ளாமல் நேரடியாக ஆட்சி பண்ணினார்.

25 வயசு. வேலை இல்லை, வேலைக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, கடைசி வரைக்கும். கையில் காசு ஏராளம். அடுத்த 35 வருஷமும் மனுஷர் பொருள் வாங்கினார். அவ்வளவுதான் கதை. இந்தப் பிரபு வாங்குகிறார் என்ற சேதி பரவினதும் வியாபாரிகள் அவருடைய அரண்மனையான திவான் தேவடி வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். வெளிநாட்டில் அவருக்கு ஏஜெண்டுகள் இருந்தார்கள். பழம்பொருள் கடைகளின் பட்டியல்கள் தபாலில் வந்தன. இவரே ஐரோப்பா, மத்திய கிழக்கு என்று போயும் வாங்கினார்.

மூணு ஸ்டார்களின் ஜாதகம்

இப்போ எல்லோரும் பார்க்கிற அந்த மூணு பொருளுக்கு வருவோம்.

முக்காடிட்ட ரெபேக்கா. பைபிளின் ஆதியாகமத்தில் வரும் கதை. ஈசாக்குக்கு நிச்சயிக்கப்பட்ட ரெபேக்கா, அவனைத் தூரத்தில் பார்த்ததும் முக்காட்டை எடுத்து மூடிக்கொள்கிறாள். அந்த நொடிதான் சிலை. பளிங்கில் ஈரத்துணி மாதிரி ஒரு முக்காடு, அதற்கு உள்ளே முகம் தெரிகிறது. உண்மையில் உள்ளே எதுவும் இல்லை, எல்லாமே ஒரே கல்லின் மேற்பரப்புதான். துணி எங்கே முகத்தோடு ஒட்டுகிறதோ அங்கே முகத்தின் வடிவம், எங்கே விலகுகிறதோ அங்கே மெல்லிய மடிப்பு. மிச்சத்தை நம் மூளை நிரப்பிக்கொள்கிறது. செதுக்கியவர் ஜியோவன்னி மரியா பென்சோனி என்கிற இத்தாலிக்காரர். இதை வாங்கியது மூன்றாவது சாலார் ஜங் இல்லை. 1876ல் அந்த ஐரோப்பியப் பயணத்தில் ரோமில் வாங்கியது தாத்தா.

இதில் ஒரு சின்ன விஷயம். பென்சோனி 1873லேயே இறந்துவிட்டார். தாத்தா வாங்கும்போது சிற்பி போய் மூணு வருஷம். அதோடு இந்தச் சிலை ஒன்றே ஒன்று என்பதும் கிடையாது. அட்லாண்டாவிலும் டெட்ராய்ட்டிலும் உள்ள மியூசியங்களில் இதே ரெபேக்கா நிற்கிறாள். அந்தக் காலத்து ரோம் ஸ்டூடியோக்கள் வேலை பார்த்த விதம் அப்படி. சிற்பி மாதிரியை உருவாக்குவார். பட்டறையில் உள்ள ஆட்கள் அதைப் பார்த்துப் பளிங்கில் வடிப்பார்கள். பணக்காரப் பயணிகள் ஆர்டர் கொடுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். நம்ம சுவாமிமலை ஸ்தபதி பட்டறைக்குப் போனவங்களுக்கு இது ஒன்றும் புதுசா இருக்காது.

இரட்டைச் சிலை. மெஃபிஸ்டோஃபிலிஸும் மார்கரெட்டாவும். ஜெர்மன் கவிஞர் கெதே எழுதிய ஃபௌஸ்ட் நாடகத்தின் சாத்தானும் அப்பாவிப் பெண்ணும். சிக்கமோர் மரத்தில் செதுக்கியது. முன்னால் திமிராக நிமிர்ந்து நிற்கும் மெஃபிஸ்டோ. பின்னால் வைத்திருக்கும் கண்ணாடியில் பார்த்தால் தலை கவிழ்ந்து, கையில் பிரார்த்தனைப் புத்தகத்தோடு மார்கரெட்டா. அவனுடைய முதுகுதான் அவளுடைய முன்பக்கம். பிரான்ஸ், 19ஆம் நூற்றாண்டு என்கிறது மியூசியம். செதுக்கியவர் பெயர் இல்லை.

கடிகாரம். கல்கத்தாவில் இருந்த குக் அண்ட் கெல்வி என்கிற ஆங்கிலேயக் கம்பெனியின் சரக்கு. 350க்கும் மேற்பட்ட பாகங்கள் உள்ள இயந்திரம். ஒவ்வொரு மணிக்கும் மூணு நிமிஷம் முன்னாடியே தாடிக்காரப் பொம்மை ஒன்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும். சரியான நேரத்தில் மணியை அடிக்கும், மறுபடி உள்ளே போய்விடும். பக்கத்தில் ஒரு கொல்லன் பொம்மை விநாடிக்கு விநாடி சுத்தியலால் தட்டிக்கொண்டே இருக்கும். பகல் 12 மணிக்குப் போனீங்கன்னா 12 அடி. நாற்காலி போட்டு மக்கள் உட்கார்ந்திருப்பாங்க. அந்த மூணு நிமிஷம் மொத்தக் கூட்டமும் செல்ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பதைப் பார்க்கணும். பேட்டரி இல்லாமல், ஒரு வரி கோடு இல்லாமல், பல்சக்கரத்தை மட்டும் வைத்து எழுதின புரோகிராம் அது.

ஆக, ஸ்டார் நம்பர் ஒன்று, பட்டறைப் பிரதி. நம்பர் இரண்டு, பெயர் தெரியாத ஆள் செய்தது. நம்பர் மூன்று, கடையில் வாங்கின கடிகாரம். கறாரான கலை விமர்சகர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போனால் மூணையும் தாண்டிப் போய்விடுவார். அவர் நேராகப் போய் நிற்கும் இடம் ஜேடு அறையாக இருக்கும்.

கூட்டம் இல்லாத அறைகள்

ஜேடு அறையில் கூட்டமே இருக்காது. விளக்கு வெளிச்சத்தில் பச்சையும் வெள்ளையுமா கல் கிண்ணங்கள், கத்திப் பிடிகள். ஜேடை உளி வைத்துச் செதுக்க முடியாது. இரும்பைவிடக் கடினமான மணல்பொடியை வைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் உருவம் கொண்டு வரணும். ஒரு கிண்ணத்துக்கு எத்தனை மாசம் ஆகியிருக்கும் என்று யோசித்தாலே கை வலிக்கும். அங்கேதான் ஜஹாங்கீரின் குத்துவாள், நூர்ஜஹானின் பழம் வெட்டும் கத்தி என்று மியூசியம் குறித்து வைத்திருக்கும் பொருட்கள் இருக்கின்றன. டில்லி சுல்தான் இல்துத்மிஷின் பெயர் பொறித்த ஒரு புத்தகத் தாங்கியும் உண்டு.

சீன அறையில் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் செலடான் தட்டுகள். சாப்பாட்டில் விஷம் இருந்தால் இந்தத் தட்டு நிறம் மாறும், இல்லையென்றால் விரிசல் விடும் என்று முகலாய, தக்காண அரண்மனைகளில் ஒரு நம்பிக்கை. கண்ணாடிப் பூச்சு போட்ட பீங்கான் அப்படியெல்லாம் ஒன்றும் செய்யாது. ஆனால் சொந்தத் தம்பியையே நம்ப முடியாத ராஜாவுக்கு ஏதோ ஒரு தட்டையாவது நம்ப வேண்டியிருந்தது போல.

பிதர் வேலைப்பாடு இன்னொன்று. துத்தநாகமும் செம்பும் கலந்த உலோகத்தில் கோடு கீறி, வெள்ளிக் கம்பியை அதில் அடித்து இறக்கி, பிதர் கோட்டையின் மண்ணைக் கலந்த கலவையில் சூடுபடுத்துவார்கள். உலோகம் மட்டும் கரிக் கறுப்பாகும், வெள்ளி வெள்ளியாகவே இருக்கும். ஹுக்காவின் அடிக்குடம், வெற்றிலைப் பெட்டி, கை கழுவும் கெண்டி எல்லாம் இதில் செய்திருக்கிறார்கள். இது இந்த மண்ணின் கலை. பிதர் ஹைதராபாத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான்.

அப்புறம் நம்ம தென்னாட்டுச் செப்புத் திருமேனிகள், ரவிவர்மா ஓவியங்கள், இத்தாலியக்காரர் ஹயேஸ் வரைந்த சோப்புக்குமிழி ஊதும் பையன். நடுநடுவே சுமாரான பொருட்களும் ஏகத்துக்கு இருக்கு. நம்ம பாட்டி வீட்டு ஷோகேஸில் இருக்கும் பீங்கான் நாய்க்குட்டிக்குப் பெரியப்பா முறை வேண்டிய பொம்மைகள். கல்யாணமே ஆகாத, குழந்தை குட்டி இல்லாத மனுஷர் விளையாட்டுச் சாமான்கள் வேற சேர்த்திருக்கிறார் பாருங்க. ஈயச் சிப்பாய்கள் வரிசையா நிற்கும் அந்தப் பெட்டிக்கு முன்னால் நான் எப்பவும் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன்.

"இதெல்லாம் ஒரு மியூசியமா? பணக்காரர் ஒருத்தரோட பரண்" என்று என் நண்பன் ஒருவன் ஒரு தடவை சொன்னான். அவன் சொன்னதில் பாதி சரி. மீதிக்குப் பதில் சொல்லணும்னா 1949க்குப் போகணும்.

மார்ச் 1949

செப்டம்பர் 1948ல் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைந்தது. சில நாளில் நிஜாம் ராஜ்ஜியம் முடிந்தது. ராணுவ கவர்னர் ஆட்சி. பழைய பிரபுக்கள் எல்லாம் நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் இருந்த நேரம். அந்த நேரத்தில்தான், 1949 மார்ச் 2ஆம் தேதி, மூன்றாவது சாலார் ஜங் இறந்தார். வயசு 59.

மனைவி இல்லை, குழந்தை இல்லை, உயிலும் எழுதவில்லை.

அந்த அரண்மனையைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. அறை அறையாகப் பெட்டிகள். உயில் இல்லை என்றால் சட்டப்படி நெருங்கிய, தூரத்துச் சொந்தங்கள் எல்லோருக்கும் பங்கு. பங்கு என்றால் ஜேடு கத்தியை எப்படிப் பங்கு போடுவது? விற்றுப் பணமாக்கித்தான் பிரிக்க முடியும். ரெபேக்காவை ஒருத்தர், கடிகாரத்தை ஒருத்தர் என்று எடுத்துக்கொண்டால், பத்து வருஷத்தில் பாதி லண்டன் ஏலக் கடையில், மீதி யாரோ ஒருவர் வீட்டு ஹாலில். இந்தியாவில் எத்தனை ஜமீன் வீடுகளின் சாமான்கள் இப்படிப் போயிருக்கு என்று நமக்குத் தெரியாதா? செட்டிநாட்டு வீட்டுத் தூண்களும் கதவுகளும் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் விலைச்சீட்டோடு நிற்பதைப் பார்த்தவங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

இங்கே வேறு ஒரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. அவர் இறந்து ஐந்தே மாசத்தில், 1949 ஆகஸ்ட் 15 அன்று, ஹைதராபாத்தில் ஜாகீர் முறை ஒழிக்கப்பட்டது. அதாவது இந்தச் சேகரிப்புக்குப் பணம் வந்துகொண்டிருந்த ஊற்றே நின்று போனது. இனி அந்த அரண்மனையையும் சாமான்களையும் பராமரிக்க வருமானம் இல்லை. வாரிசுகளுக்கு விற்கிற கட்டாயம் கூடியிருக்கும், குறைந்திருக்காது.

முதலில் திறப்புவிழா, பிறகு பத்திரம்

அரசாங்கம் சாலார் ஜங் எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு குழுவைப் போட்டது. அப்போது ஹைதராபாத்தின் சிவில் நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர் எம். கே. வெள்ளோடி, மலையாளி, ஐ.சி.எஸ். அதிகாரி. இதையெல்லாம் பிரிக்காமல் மியூசியமாக ஆக்கலாம் என்ற யோசனை அவருடையது. பொருட்களை ஒழுங்கு பண்ண அவர் கூப்பிட்ட ஆள் டாக்டர் ஜேம்ஸ் கசின்ஸ். இவர் அயர்லாந்துக் கவிஞர். 1915ல் அன்னி பெசன்ட் அழைத்து அடையாறுக்கு வந்தவர். மதனப்பள்ளியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1935ல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ராலயம் ஓவியக்கூடம் அமையக் காரணமானவர். மன்னர் வீட்டுப் பொருட்களைப் பொதுமக்கள் பார்க்கிற மாதிரி அடுக்குவது எப்படி என்று அவருக்குத் தெரியும்.

1951 டிசம்பர் 16. திவான் தேவடியிலேயே, அந்தப் பொருட்கள் குவிந்திருந்த அதே அரண்மனையில், பிரதமர் நேரு மியூசியத்தைத் திறந்து வைத்தார்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்போம். 1951ல் இந்தப் பொருட்கள் யாருடையவை? சட்டப்படி இன்னும் முடிவாகவில்லை! வாரிசுகள் இருக்கிறார்கள், வழக்கு இருக்கிறது. வாரிசுகள் எல்லோரும் சேகரிப்பை அரசுக்குக் கொடுக்கச் சம்மதித்தது 1958ல்தான். உயர்நீதிமன்றம் மூலமாக ஒரு சமரச ஒப்பந்தம் போட்டு அது முடிந்தது. அதாவது திறப்புவிழா நடந்து ஏழு வருஷம் கழித்து. எங்க ஃபீல்டில் சொல்றதுன்னா, முதலில் புரொடக்‌ஷனில் ஏற்றிவிட்டு, அப்புறம் லைசென்ஸ் வாங்கின கதை.

என்னுடைய கணிப்பு, இந்தத் தலைகீழ் வரிசைதான் சேகரிப்பைக் காப்பாற்றியது. பெட்டிக்குள் பூட்டி சீல் வைத்துவிட்டு வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால், அது ஒரு குடும்பச் சொத்துத் தகராறாகவே இருந்திருக்கும். கதவைத் திறந்து ஏழு வருஷம் ஜனங்களை உள்ளே விட்ட பிறகு, அது ஊருக்குத் தெரிந்த பொருளாகிவிட்டது. ஸ்கூல் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்த ரெபேக்காவை, ஒரு வாரிசு வந்து "என் பங்கு" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது அவ்வளவு சுலபமில்லை. அந்த வாரிசுகளையும் நாம் மதிக்கணும். ஜாகீர் போய்விட்ட நிலையில், கைக்கு வரவேண்டிய பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

1961ல் பாராளுமன்றம் சாலார் ஜங் மியூசியம் சட்டத்தை நிறைவேற்றியது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற அந்தஸ்து. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 62ஆவது வரியில், கல்கத்தாவின் இந்தியன் மியூசியம், விக்டோரியா நினைவு மண்டபம் மாதிரி சில பெயர்கள் இருக்கும். அவை போல நாடாளுமன்றம் சட்டம் போட்டு அறிவிக்கும் நிறுவனங்களும் அதே வரியில் அடங்கும். ஒரு திவானின் வீட்டுச் சாமான் பட்டியல் போய்ச் சேர்ந்த இடம் அதுதான். ஒரு நிர்வாகக் குழு, அதற்கு மாநில கவர்னர் தலைவர். முன்னே ஆந்திர கவர்னர், 2014க்குப் பிறகு தெலங்கானா கவர்னர். 1963ல் மூசி ஆற்றின் தென்கரையில் புதுக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டி, 1968ல் இப்போ நாம் பார்க்கிற அரைவட்டக் கட்டிடத்துக்கு மியூசியம் குடிவந்தது.

பழைய திவான் தேவடியின் கதி என்ன என்று கேட்கிறீங்களா? சுவர் முழுக்கப் பீங்கான் பதித்த சீனிகானா, கண்ணாடி மண்டபமான ஆயினாகானா எல்லாம் இருந்த வளாகம் அது. பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது. வாசல் வளைவுகள் மிச்சம், சுற்றிலும் கடைகள். அரண்மனைக்குச் சட்டம் போட ஆளில்லை. உள்ளே இருந்த சாமான்களுக்குச் சட்டம் இருந்ததால் அவை பிழைத்தன.

பக்கத்து வீட்டு நகை

சட்டம் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதே ஊரில் இன்னொரு உதாரணம் இருக்கு. கடைசி நிஜாமின் நகைகள். இவர் சாலார் ஜங் மாதிரி சும்மா விட்டுவிட்டுப் போகவில்லை. 1950களின் தொடக்கத்திலேயே முறைப்படி டிரஸ்ட் அமைத்து நகைகளை அதில் வைத்தார். 1967ல் இறந்தார். அதற்கப்புறம் விற்க முயற்சி, ஏலம் பற்றிய பேச்சு, வழக்கு, விலை நிர்ணயம் என்று வருஷங்கள் ஓடின. கடைசியில் 1995ல் இந்திய அரசு 173 நகைகளை 218 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. அதில் 184 காரட்டுக்கு மேல் எடையுள்ள ஜேக்கப் வைரமும் அடக்கம். வாங்கின நகைகள் பெரும்பாலும் ரிசர்வ் வங்கிப் பெட்டகத்தில்தான் தூங்குகின்றன. 2006ல் ஹைதராபாத்தில் கண்காட்சி வைத்தபோது அதற்கு இடம் கொடுத்தது எந்தக் கட்டிடம் தெரியுமா? நம்ம சாலார் ஜங் மியூசியம்தான்.

கவனமாகப் பத்திரம் எழுதிப் பூட்டி வைத்த நகைகளை ஜனங்கள் எப்போதாவதுதான் பார்க்க முடிகிறது. உயிலே எழுதாமல் விட்டுப்போன சாமான்களை டிக்கெட் எடுத்தால் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். விசித்திரம்தான்.

யார் வீட்டுக் காசு?

இதோடு முடித்தால் இது ஒரு இனிப்பான கதை. ஆனால் கசப்பான ஒரு கேள்வியும் இருக்கு. சாலார் ஜங் குடும்பம் இதையெல்லாம் எந்தக் காசில் வாங்கியது?

ஜாகீர் என்றால் என்ன? ஒரு வட்டாரத்தின் நிலவரியை அரசாங்கத்துக்குப் பதில் ஜாகீர்தார் வசூல் பண்ணிக்கொள்ளும் உரிமை. நிஜாம் ராஜ்ஜியத்தில் ஏறக்குறைய 30 சதவீத நிலம் இப்படி ஜாகீர்களில் இருந்தது. போக, இன்னொரு 10 சதவீதம் நிஜாமின் சொந்தப் பண்ணை நிலம். வரி, வெட்டிவேலை, தேஷ்முக்குகளின் அட்டகாசம் எல்லாம் தாங்க முடியாமல்தான் 1946ல் தெலங்கானா விவசாயிகள் ஆயுதம் எடுத்தார்கள். அந்தப் போராட்டத்தைக் கம்யூனிஸ்ட் கட்சி வாபஸ் வாங்கியது 1951 அக்டோபரில். மியூசியம் திறந்தது அதே வருஷம் டிசம்பரில். இரண்டு மாச இடைவெளி. தாத்தா ரோமில் ரெபேக்காவுக்கு எண்ணிக் கொடுத்த காசும், பேரன் கைத்தடிகளுக்கும் ஈயச் சிப்பாய்களுக்கும் கொடுத்த காசும், ஏதோ ஒரு கிராமத்தில் சோளம் விளைவித்தவனிடமிருந்து வந்தவைதான்.

அதனால்தான் இந்தச் சேகரிப்பு பிரியாமல் பொதுச் சொத்தானது வெறும் கலை சமாச்சாரமாக எனக்குப் படவில்லை. அதைப் பாதித் தூரமாவது திருப்பிக் கொடுத்த கணக்கு என்று எடுத்துக்கொள்கிறேன். கறாரான விமர்சகரைக் கூப்பிட்டு, "நல்லதை மட்டும் எடுத்து வை, மிச்சத்தை விற்றுவிடு" என்று 1951ல் சொல்லியிருந்தால் ஜேடு அறை தப்பியிருக்கும். பெயர் இல்லாத மரச்சிலையும், கடைச்சரக்குக் கடிகாரமும், பட்டறைப் பிரதி ரெபேக்காவும் தப்பியிருக்குமா என்பது சந்தேகம். இன்றைக்கு நல்கொண்டாவிலிருந்தும் வாரங்கல்லிலிருந்தும் பஸ் பிடித்து வரும் குடும்பங்கள் சுற்றி நின்று வாயைப் பிளப்பது அந்த மூணைப் பார்த்துத்தான். யாருடைய வரியில் வாங்கினார்களோ அவர்களுடைய பேரப்பிள்ளைகள். அவர்களுக்குப் பிடித்தது அது.

பரண் என்று சொன்ன நண்பனுக்கு என் பதில் இதுதான். பரண்தான்டா. ஆனா நல்லது கெட்டது பார்த்துப் பொறுக்கி எடுக்காத பரண். ஒரு காலத்துப் பெரிய மனுஷன் எதை அழகு என்று நினைத்தான், எதைப் பார்த்துப் பயந்தான், எதை வைத்துத் தனிமையைப் போக்கிக்கொண்டான் என்று எல்லாம் அதில் அப்படியே இருக்கு. விஷம் கண்டுபிடிக்கும் தட்டும் பொம்மைச் சிப்பாயும் ஒரே கட்டிடத்தில் இருந்தால்தான் அந்த ஆள் முழுசாகத் தெரிவான்.

அடுத்த தடவை போகிறவர்கள் கடிகாரம் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிடாமல் ஜேடு அறைக்கும் போங்க, பிதர் சாமான்களையும் பாருங்க. உங்க ஊர்ப்பக்கம் இப்படி உயில் இல்லாமல் சிதறிப்போன வீடு, இல்லை சிதறாமல் தப்பித்த வீடு ஏதாவது தெரிந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க, அதையும் ஒரு பதிவாகப் போட்டுடலாம்.

கொசுறு: மொத்தம் 38 காட்சிக்கூடங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கணும்னு கிளம்பாதீங்க. வெள்ளிக்கிழமை லீவு. வசதியான செருப்பு முக்கியம். :)